வெள்ளிக்கிழமைக் கடிதம் யாருக்கு?

கேள்வி

ஐயா, நான் வேடசந்தூர் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் 28 பிள்ளைகள். அந்தந்த வாரம் வகுப்பில் நடந்ததை வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோருக்கு எழுதி அனுப்பும்படி தலைமையாசிரியர் ஜூலை மாதம் சொன்னார். ஏழு வாரங்களாக வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதி வருகிறேன். வியாழன் இரவு மூன்று மணி நேரம் இதற்கே போகிறது. இரண்டு பேர் கட்டைவிரல் படம் போடுகிறார்கள். ஒருவர் தவறாமல் காலை வணக்கம் அனுப்புகிறார். மற்றவர்கள் படித்ததாகவே தெரியவில்லை. மூன்றாவது வாரம், அரும்பு நிலையில், அதாவது கற்றலின் முதல் படியில், இருக்கும் ஆறு பிள்ளைகளின் பெயரைக் குறிப்பிட்டு, வீட்டில் கூடுதல் பயிற்சி கொடுக்கும்படி எழுதினேன். திங்கட்கிழமை காலை ஒரு பிள்ளையின் அம்மா பள்ளி வாசலிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். பாதிப் பெற்றோருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைத் தொடரத்தான் வேண்டுமா? தொடர்வதானால் என்ன எழுதுவது? கடைசியாக அனுப்பிய கடிதத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

விட்டுவிட வேண்டாம், ஆனால் இப்போது அனுப்புவதை இப்படியே தொடரவும் வேண்டாம். இவ்வளவு பாடுபட்டும் பலனில்லாமல் போவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்று நீங்கள் நினைக்கத் தொடங்கியிருப்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது. தொடக்கப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் இணைத்திருக்கும் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். மற்ற வாசகர்களுக்காக அதை இங்கே முழுமையாகத் தருகிறேன்:

"அன்பார்ந்த பெற்றோர்களே! இவ்வாரம் தமிழில் எகர, ஏகார வரிசை உயிர்மெய் எழுத்துகள் நடத்தப்பட்டன. கணக்கில் ஈரிலக்க எண்களை இனமாற்றம் செய்து கூட்டல் முடிக்கப்பட்டது. சூழ்நிலையியலில் நீர் பற்றிய பாடம் தொடங்கப்பட்டது. மாணவர்கள் வீட்டுப்பாடத்தைத் தவறாது முடித்து வருவதைப் பெற்றோர் உறுதிசெய்யவும். நாள்தோறும் வாசிப்புப் பயிற்சி அளிக்கவும்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிப் பார்வைக்கு வந்தால் இதைப் பார்த்துத் திருப்தியோடு கையெழுத்திட்டுவிட்டுப் போவார். ஏனென்றால் இது உங்கள் பாடக்குறிப்பேட்டின் சுருக்கம். நடத்தப்பட்டன, முடிக்கப்பட்டது, தொடங்கப்பட்டது என்ற மூன்று வினைகளிலும் பிள்ளை எங்கேயும் இல்லை. எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போய்விட்ட ஒரு தாய்க்கு 'இனமாற்றம்' என்ற சொல் எதையும் சொல்லாது. அந்தத் தாய் சிறுமியாக இருந்தபோது அதே கணக்கைப் போட்டிருப்பார், ஆனால் 'கையில் ஒன்று' என்று சொல்லிப் போட்டிருப்பார். கடைசி இரண்டு வாக்கியங்களோ மின்வாரிய அறிவிப்பின் தொனியில் இருக்கின்றன. உறுதிசெய்யவும், அளிக்கவும் என்று வாராவாரம் தமக்கு வரும் ஆணையை யாரும் ஆவலோடு திறந்து பார்ப்பதில்லை.

அந்தக் கடிதம் போய்ச் சேரும் வீட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்து தகப்பனார் வருகிறார். பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்கிறார். "ஒண்ணுமில்ல" என்று பதில் வருகிறது. ஏழு வயதுப் பிள்ளை இதில் பொய் சொல்லவில்லை. ஒரு நாள் முழுதும் நடந்ததைத் தொகுத்து ஒரே மூச்சில் சொல்வது அந்த வயதுக்கு உரிய வேலை இல்லை. ஆனால் அதே பிள்ளையிடம், "குச்சியையெல்லாம் கட்டினீங்களாமே, நீ எத்தனை கட்டு கட்டின?" என்று கேட்டால், யார் குச்சியை யார் பிடுங்கினார்கள், யாருடைய ரப்பர் பேண்டு அறுந்து யார் கண்ணருகே தெறித்தது என்பது வரை அரை மணி நேரத்துக்குச் செய்தி கொட்டும். தகப்பனாருக்கு அக்கறை இருக்கிறது. கேட்பதற்குச் சரியான கேள்விதான் இல்லை. வெள்ளிக்கிழமைக் கடிதம் செய்ய வேண்டியது அந்தக் கேள்வியை அவர் கையில் கொடுப்பது ஒன்றைத்தான்.

அப்படிப் பார்த்தால், நீங்கள் அந்த வாரம் வகுப்பில் செய்ததையே கீழ்க்கண்டவாறு எழுதலாம். குச்சிகளையும் சொற்களையும் நானாக ஊகித்து எழுதியிருக்கிறேன். உண்மையில் நடந்ததைக் கொண்டு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

"வணக்கம். இந்த வாரம் பிள்ளைகள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். ஒரு பக்கம் 27 குச்சி, இன்னொரு பக்கம் 15 குச்சி. இரண்டையும் சேர்த்தபோது மூன்று கட்டும், உதிரியாக 12 குச்சியும் இருந்தன. அந்த உதிரியில் இன்னொரு கட்டுக் கட்டலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நான்கு கட்டு, இரண்டு உதிரி, ஆக 42.

ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால், விளக்குமாற்றிலிருந்து உதிர்ந்த குச்சிகளைக் கொடுத்து, 38-உம் 14-உம் சேர்ந்தால் எத்தனை கட்டு, எத்தனை உதிரி என்று கேளுங்கள். பிள்ளை உங்களுக்குச் செய்து காட்டட்டும். 'கையில் ஒன்று' என்று சொல்லிப் போடும் முறையை இரண்டு வாரம் கழித்து வகுப்பில் சொல்லித் தருவோம். அதுவரை குச்சியே போதும்.

தமிழில் செடி, தேன், பேனா, மேளம் போன்ற சொற்களைப் படிக்கிறோம். கடைப் பலகையிலோ பஸ்ஸின் பெயர்ப் பலகையிலோ கொம்பு போட்ட எழுத்து இருந்தால் பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். அப்படிப் பார்த்த ஒரு சொல்லைத் திங்கட்கிழமை என்னிடம் வந்து சொல்லட்டும். எழுதி வர வேண்டாம்."

சூழ்நிலையியலை விட்டுவிட்டேன். நடத்திய எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம்தான் உங்களை வியாழன் இரவு மூன்று மணி நேரம் உட்காரவைக்கிறது. தண்ணீர்ப் பாடத்தில் ஏதாவது சுவையாக நடந்தால், அது அடுத்த வாரக் கடிதத்துக்கு ஆகும்.

மேலே உள்ளதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 'கையில் ஒன்று' பற்றிய வாக்கியம். பள்ளி ஒரு வழியிலும் வீடு இன்னொரு வழியிலும் ஒரே கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் பிள்ளைதான் திண்டாடுகிறது. நம் வீடுகளில் கூட்டல் என்றால் "மனசுல ஏழு, கையில அஞ்சு" என்று சொல்லி விரலை மடக்கவோ நீட்டவோ செய்து எண்ணும் பழக்கம் உண்டு. அது நல்ல முறைதான், நீங்களும் நானும் அப்படித்தான் கற்றோம். ஆனால் பத்து என்பது ஒரு கட்டு என்று பிள்ளையின் கண்ணில் பதிந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில், "குச்சியெல்லாம் எதுக்கு? ஏழும் அஞ்சும் பன்னெண்டு, ரெண்டைப் போட்டு ஒண்ணைக் கையில வை" என்று வீட்டில் விரைவுபடுத்தினால், விடை வந்துவிடும், அந்த ஒன்று ஏன் பக்கத்து இடத்துக்குப் போகிறது என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். பிறகு மூன்றாம் வகுப்பில் கழித்தலுக்கு வரும்போது, கடன் வாங்கிய பத்து எங்கிருந்து வந்தது என்று விழிக்கும்.

எழுத்திலும் இதே நிலைதான். பல வீடுகளில் பாட்டிமார்தாம் மாலையில் பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கவைக்கிறார்கள். அவர்கள் ஆனா, ஆவன்னா, கானா, ஙானா என்று எழுத்தின் பெயரைச் சொல்லிப் படித்தவர்கள். வகுப்பில் எழுத்தை அதன் ஒலியாகச் சொல்லி, ஒலிகளைக் கோத்து 'மரம்' என்று படிக்கப் பழகிவரும் பிள்ளையிடம் பாட்டி "மானா, ரானா" என்று தொடங்கினால், அந்த மானாவும் ரானாவும் சேர்ந்து மரமாவது எப்படி என்று அதற்கு விளங்குவதில்லை. இதற்காகப் பாட்டியிடம் "நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்" என்று எழுதுவது பெரிய தவறு. பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காரத் தயாராக இருக்கும் ஒரே ஆளை நாமே விரட்டியதாகும். "இந்த வாரம் எழுத்தின் பெயரைச் சொல்லாமல், எழுத்து எழுப்பும் ஒலியை மட்டும் சொல்லிப் படிக்கிறோம், நீங்களும் கூடச் சேர்ந்து படியுங்கள்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். வீட்டாருக்கு இப்படி வழியறிந்து சொல்லும் வரிகளுக்காகத்தான் வாராவாரம் எழுத வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை எழுதினால் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இனி, அந்த ஆறு பெயர்கள்.

இதில் நான் மழுப்ப விரும்பவில்லை. அது செய்திருக்கக் கூடாத காரியம். 2022-23 கல்வியாண்டில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பூவின் பருவங்களைப் பெயராக வைத்ததே, எந்தப் பிள்ளைக்கும் தான் பின்தங்கியவன் என்ற முத்திரை விழக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அரும்பு என்பது அந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி நூலை எடுத்துக் கொடுப்பது என்று ஆசிரியர் தமக்காக வைத்துக்கொள்ளும் குறிப்பு. அதைப் பெயரோடு சேர்த்து 28 வீட்டாரும் பார்க்கும் இடத்தில் போட்டவுடன் அது ஊர்ப் பேச்சாகிவிடுகிறது. திங்கட்கிழமை மற்றப் பிள்ளைகள் அந்தப் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்த அம்மா வாசலுக்கு வந்த வேகத்திலிருந்து என்னால் ஊகிக்க முடிகிறது.

இந்தத் தவறை இதைவிட மோசமாகச் செய்தவன் நான். வேலையில் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் நோட்டில், "உங்கள் மகன் பாடங்களில் கவனம் செலுத்துவதில்லை, கண்டிக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதி, கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். கையெழுத்து வந்தது. கூடவே அவன் முழங்காலுக்குக் கீழே கயிற்றுத் தழும்பும் வந்தது. எழுதும்போது எனக்கு ஆறு சொற்களாகத் தெரிந்தது அந்த வீட்டில் என்னவாக மாறும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பிள்ளையைப் பற்றிய குறையை எழுத்தில் கொடுத்தனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். குறை சொல்லத்தான் வேண்டும் என்றால் பெற்றோரை வரச்சொல்லி, எதிரே உட்காரவைத்து, பிள்ளையின் நோட்டைத் திறந்துவைத்து, அவனால் முடிவதை முதலில் காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும்.

சட்டமும் அதையே எதிர்பார்க்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடும்போது, பெற்றோருடன் முறையாகக் கூட்டங்கள் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்துள்ள முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், அதில் சொல்லப்பட்டுள்ளது நேருக்கு நேர் கூடுவது. ஆக, பிள்ளையின் நிலை பற்றிய பேச்சுக்குக் கூட்டமும் தனிச் சந்திப்பும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக் கடிதத்தின் மீது அந்தச் சுமையையும் ஏற்றினால் அது இரண்டு வேலையையும் கெடுத்துக்கொள்ளும். கடிதத்தில் வகுப்பு இருக்கட்டும். தனிப் பிள்ளை வேண்டாம். பாராட்டுக்கும் இதையே சொல்வேன். நன்றாகப் படித்தவர்கள் என்று ஐந்து பெயரைப் போட்டால், அதில் இல்லாத 23 வீடுகளில் அது என்னவாகப் படிக்கப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் பெற்றோர் தேடுவது தம் பிள்ளையைத்தான், அது இயல்பு. அதற்கு ஒரு வழி உண்டு. வாரத்துக்கு நான்கு பிள்ளைகள் என்று எடுத்துக்கொண்டு, அந்த நான்கு பேருக்கு மட்டும் அவரவர் நோட்டில் உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள். ஏழு வாரத்தில் 28 பேரும் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். "நன்றாகப் படிக்கிறாள்" என்ற பொத்தாம் பொதுவான வரி வேண்டாம். "புதன்கிழமை பென்சில் கொண்டு வராத பிள்ளைக்குத் தன் பென்சிலை இரண்டாக ஒடித்துக் கொடுத்தாள்" என்றோ, "'தேர்' என்ற சொல்லைப் பார்த்ததும் தன் ஊர்த் தேர்த்திருவிழாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான், இத்தனை நாளில் அவன் வகுப்பில் இவ்வளவு பேசி இப்போதுதான் கேட்டேன்" என்றோ, நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள். அப்படிப்பட்ட வரி வந்த நோட்டுப் பக்கத்தை டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். முதல் வாரத்து நான்கு பேரில் அந்தச் சண்டைக்கு வந்த அம்மாவின் பிள்ளையும் இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்பே அந்த அம்மாவைத் தனியாகச் சந்தித்து, "பெயரைப் போட்டது என் தவறுதான்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மற்ற ஐந்து வீட்டாருக்கும் அப்படியே. பழைய செய்தியைக் குழுவிலிருந்து நீக்க முடிந்தால் நீக்குங்கள். நாளாகிவிட்டதால் மற்றவர்களின் கைப்பேசியிலிருந்து அது போகாது, ஆகவே நேரில் சொல்வதுதான் கணக்கில் வரும்.

எதன் வழியாக அனுப்புவது என்பதிலும் சில மாற்றங்கள் தேவை. குழுவின் அமைப்பில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி வைத்துவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் கடிதம் காணாமல் போவது நிற்கும். குழு என்பதில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். தம் எண்ணை முன்பின் தெரியாத ஆண்கள் பார்ப்பதைச் சில தாய்மார் விரும்புவதில்லை, அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்பினால் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகும், யாருடைய எண்ணும் பிறருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது சேரும் என்பதால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை அங்கேயே பதியவைத்துவிட வேண்டும்.

வகுப்பில் எடுத்த புகைப்படங்களை நீங்கள் குழுவில் போடுவதாகத் தெரியவில்லை. போடும் எண்ணம் இருந்தால், குச்சிக் கட்டுகளையும் கைகளையும் எடுங்கள், முகங்கள் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களைப் பற்றிய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கணவனைப் பிரிந்து வந்து எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் வாழும் தாய்மாரும் நம் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

கைப்பேசியை மட்டும் நம்புவது போதாது. பள்ளியில் கொடுத்திருக்கும் எண் பெரும்பாலும் தகப்பனாருடையது. அது அவர் சட்டைப் பையில் மில்லுக்கோ லோடு வண்டிக்கோ போய்விடுகிறது. பிள்ளையோடு உட்காரப்போகும் தாயோ பாட்டியோ அந்தச் செய்தியைப் பார்ப்பதே இல்லை. ஆகவே ஒரு சீட்டும் கொடுத்துவிடுங்கள். ஓர் ஏ4 தாளில் மூன்று சீட்டு வரும்படி எழுதினால் 28 பிள்ளைகளுக்குப் பத்துத் தாள் போதும். சீட்டை வீட்டுப்பாட நோட்டில் ஒட்டி அனுப்புங்கள். தனித்தாளாகக் கொடுத்தால் அது பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் கப்பலாகவோ விமானமாகவோ மாறிவிடும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு, அதே செய்தியை ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் உங்கள் குரலில் பதிந்து அனுப்புங்கள். அதை எழுத்துத் தமிழில் வாசிக்க வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல், "இந்த வாரம் நம்ம புள்ளைங்க குச்சி கட்டுனாங்க" என்று பேச்சாகச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்தவர்களும் குரலைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம். பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து தன் டீச்சரின் குரலைக் கேட்டு, "அது நான்தான் கட்டினேன்" என்று குறுக்கே பேசும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. உங்கள் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவர்களுக்குத் தமிழ் பேச்சு புரியும், எழுத்துத்தான் தடை. நூற்பாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு படம் வரைந்து கொடுத்துவிடுங்கள்: இரண்டு கட்டும் ஏழு குச்சியும், ஒரு கட்டும் ஐந்து குச்சியும், நடுவில் ஒரு கூட்டல் குறி. கணக்குக்கு மொழி அவ்வளவு தேவைப்படாது.

யாராவது படிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது உங்கள் மனத்தில் உள்ள இன்னொரு கேள்வி. கட்டைவிரல் படத்தை எண்ணாதீர்கள். அதற்காகத்தான் மேலே உள்ள மாதிரிக் கடிதத்தில், ஒரு சொல்லைத் திங்கட்கிழமை வந்து சொல்லட்டும் என்று எழுதினேன். திங்கள் காலை எத்தனை பிள்ளைகள் சொல்லோடு வருகிறார்கள் என்று பாருங்கள். முதல் வாரம் நான்கோ ஐந்தோ வரும். சொல் கொண்டு வராத பிள்ளையை ஏன் என்று கேட்காதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். கேட்டால் அது வீட்டுப்பாடமாகிவிடும். கொண்டு வந்த சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எங்கே பார்த்தாய் என்று மட்டும் விசாரியுங்கள். "செல்வி ஸ்டோர்ஸ்", "தேங்காய் எண்ணெய்", "பெட்ரோல்" என்று வரத் தொடங்கும்போது மற்றப் பிள்ளைகள் வீட்டில் போய் அடம்பிடித்துக் கடிதத்தைக் கேட்கவைப்பார்கள்.

மூன்று மணி நேரத்தை அரை மணியாகக் குறைக்க ஒரே வழி, வியாழன் இரவு நினைவுபடுத்தி எழுதாமல், வகுப்பில் ஏதாவது நடந்தவுடனே மேசை மேல் ஒரு தாளில் நாலு சொல் குறித்துக்கொள்வது. புதன்கிழமை உணவு இடைவேளையில் அதைப் பார்த்தால் கடிதம் பாதி எழுதியிருக்கும். நூறு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். சீருடை, ஆதார் நகல், தடுப்பூசி போன்ற அறிவிப்புகளை இதில் கலக்காமல் தனிச் செய்தியாக அனுப்புங்கள்; அவை கலந்தால் பெற்றோர் அதை மட்டும் தேடிப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். வெள்ளி மதியம் சீட்டு, அன்று மாலை ஆறு மணிக்குக் குரல் என்று நேரத்தை மாற்றாமல் வையுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புகளுக்கு அடுத்த பள்ளி நாளில் பேசுவதாக முதலிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது, உங்கள் வீட்டாருக்கும் நல்லது.

தலைமையாசிரியரிடம் புதிய மாதிரியைக் காட்டும்போது, நடத்திய பாடங்களின் பட்டியல் எங்கே என்று அவர் கேட்கக்கூடும். அது பாடக்குறிப்பேட்டில் இருக்கிறது என்று சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தப் பதிலையும் காட்டுங்கள். காலாண்டுத் தேர்வு நடக்கும் வாரத்திலும் விடுமுறையிலும் கடிதம் வேண்டாம். பள்ளி திறந்த முதல் வெள்ளியன்று, விடுமுறையில் பிள்ளைகள் கொண்டு வந்து கொட்டிய கதைகளில் இரண்டை, பெயரில்லாமல் எழுதி மறுபடி தொடங்குங்கள்.